சென்னம்மாவுக்கு மகள் இல்லை

போன வாரம் ரிங் ரோடு சிக்னலில் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பள்ளிப் பேருந்து வந்து நின்றது. டிசம்பர் வந்துவிட்டால் மைசூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இதுதான் — முன்கண்ணாடியில் பள்ளியின் பேனர், ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள், உள்ளே காது கிழியும் பாட்டு.

ஒரு ஜன்னலில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த சிறுமிகள் என்னைப் பார்த்துக் கையாட்டினார்கள்.

"தாத்தா... டாட்டா."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆட்டோ டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஏன் சார், சின்னக் குழந்தைங்க. திருப்பி ஒரு தடவை ஆட்டினா கை தேஞ்சா போகும்?"

நியாயமான கேள்வி. அவரிடம் பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் என் முழங்காலைப் பற்றிப் பேசுவேன். எங்கள் அப்பார்ட்மென்ட் லிஃப்ட்டைப் பற்றிப் புலம்புவேன். நீங்களும் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போவீர்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வருஷம் இதே சீசனில், இதே பக்கத்தில், ஒரு பெண்ணின் தொழில் பக்தியைப் புகழ்ந்து எழுதியிருந்தேன். உங்களில் சிலர் எனக்குப் போன் செய்துகூடப் பாராட்டினீர்கள். அந்தப் பாராட்டைத் திருப்பித் தரத்தான் இதை எழுதுகிறேன். மறந்தவர்களுக்காக, முதலில் இருந்து.

மைசூருக்கு வெளியே, நஞ்சன்கூடு போகிற வழியில், மெயின் ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி ஓர் இடம் இருக்கிறது. பெயர் வேண்டாம். மியூசியம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் பழைய பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டும் மியூசியம் இல்லை. ஒரு தெருவையே கட்டி வைத்திருக்கிறார்கள். ஓட்டு வீடுகள், ஒரு செக்கு, ஒரு தபால் ஆபீஸ், ஒரு கிணறு. அந்தத் தெருவில் மனிதர்கள் நடமாடுவார்கள் — மகாராஜா காலத்து உடையில், அந்தக் காலத்து வேலையைச் செய்துகொண்டு. பள்ளிக் குழந்தைகள் உள்ளே போய் அவர்களோடு பேசலாம். கேள்வி கேட்கலாம். ராகி அரைத்துப் பார்க்கலாம்.

நான் கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன். அந்த இடத்துக்கு ஆலோசகராகக் கூப்பிட்டார்கள். ரிட்டயர் ஆன வாத்தியாருக்கு மறுபடியும் ஒரு வகுப்பு கிடைத்தால் விடுவானா? உடனே போய் உட்கார்ந்துகொண்டேன்.

தெருவில் யார் யார் இருக்க வேண்டும், அவர்கள் பெயர் என்ன, என்ன பேசுவார்கள் — எல்லாம் நான் எழுதியது. ஒரு விதியும் நான் போட்டதுதான். அந்தத் தெருவில் கால் வைத்தால் அது நூறு வருஷத்துக்கு முந்தைய நாள். வேலை செய்கிறவர்களுக்கு அதற்குப் பின்னால் வந்த எதுவும் தெரியக் கூடாது. இன்றைய மனிதர் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது. எது நடந்தாலும்.

குழந்தைகள் விடுவார்களா? இவர்களை மாட்டவைப்பதுதான் அவர்களுக்கு விளையாட்டு. தபால்காரராக இருந்தவரிடம் ஒரு பையன் கேட்டான்: "அங்கிள், வைஃபை பாஸ்வேர்டு என்ன?"

அவர் தபால் பையைக் கிளறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பேருல இந்த ஊருல யாரும் இல்லப்பா. அடுத்த ஊருல விசாரி."

கேட்டு நான் பூரித்துப் போனேன். அதே தபால்காரர், பிறகொரு நாள் கிணற்றடியில் ஒரு குழந்தை வழுக்கி விழுந்து நெற்றியில் ரத்தம் வந்தபோது, பையில் ஒளித்து வைத்திருந்த மொபைலை எடுத்து ஆபீஸுக்குப் பேசினார். குழந்தைகள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். சாயங்காலம் அவரைக் கூப்பிட்டு வைத்து, "அந்தக் காலத்துல என்ன செஞ்சிருப்பாங்க? ஓடிப்போய் ஆளைக் கூட்டிட்டு வந்திருப்பாங்க. நீங்களும் ஓடியிருக்கணும்" என்றேன். மறுநாளில் இருந்து அவருக்கு பார்க்கிங்கில் டூட்டி. என் சிபாரிசுதான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அங்கே வேலை பார்த்த எல்லாருக்கும் அது தெரியும். செல்விக்கும் தெரியும்.

செல்வி தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண். விவசாயக் குடும்பம். கணவர் கட்டட வேலை. பெரும்பாலும் பெங்களூரில் இருப்பார். இவள் மகளோடு இங்கே மைசூர் ஹெப்பாளில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தாள். எங்கள் தெருவில் அவளுக்குப் பெயர் சென்னம்மா. குடியானவர் வீட்டுப் பெண். திரிகைக்கல் முன்னால் உட்கார்ந்து ராகி அரைப்பாள், வருகிற குழந்தைகளையும் அரைக்க வைப்பாள், நடுவே பேச்சுக் கொடுப்பாள். கன்னடம் தண்ணீராக வரும்.

நான் எழுதிக் கொடுத்ததைவிட அவள் தானாகச் சொல்வது நன்றாக இருக்கும். ஒரு மாணவன் மொபைலை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "இது என்ன சொல்லுங்க" என்றான். அவள் அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"கண்ணாடி நல்லா வழவழன்னு இருக்கு சாமி. ஆனா மூஞ்சிதான் தெரிய மாட்டேங்குது. ஏமாத்திட்டான் உன்ன" என்றாள்.

சென்னம்மாவின் கதையில் அவளுக்குக் குழந்தை இல்லை என்று எழுதியிருந்தேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. குழந்தை உண்டு என்றால், "எங்கே, கூப்பிடுங்க" என்பார்கள். காட்டக் குழந்தைக்கு எங்கே போவது? அதனால் ஒரு வசனம் எழுதிக் கொடுத்தேன். உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று யாராவது கேட்டால், "எனக்குப் பிள்ளை இல்லை தாயி. நீயே எனக்கு மகளா வந்துடேன், தினமும் ராகிக்களி உருட்டித் தரேன்" என்று சொல்ல வேண்டும். குழந்தைகள் கொல்லென்று சிரிக்கும். ஒருநாளும் பொய்க்காத இடம் அது.

ஒருநாள் மாலை செல்வி என் மேஜை ஓரமாக வந்து நின்றாள்.

"சார், ஒரு விசயங்க."

"சொல்லும்மா."

"வெள்ளிக்கெழம எம்புள்ள ஸ்கூல்ல இருந்து இங்க கூட்டிட்டு வர்றாங்களாமா. அஞ்சாவது படிக்குதுங்க. கீர்த்தனா."

"சந்தோஷம்."

"அதில்லீங்க. எங்கம்மா அங்கதான் இருக்காங்கன்னு கிளாஸ் பூரா சொல்லி வெச்சிருக்குது. ஒருத்தரும் நம்பலையாமா. புது ஸ்கூலு, இந்த வருசந்தான் சேத்துனோம். அவங்கப்பாதான் போயிச் சேத்துனாரு. நான் இன்னும் அந்தப் பக்கமே போனதில்லீங்க, என்னிய யாருக்கும் தெரியாது. அதனால..." தயங்கினாள். "அது வந்து கூப்புட்டா, ஆமா எம்புள்ளதான்னு ஒரு வார்த்த சொல்லிக்கலாமுங்களா? ஒரே வார்த்த. அப்பறம் பழையபடி இருந்துக்கறேன்."

எவ்வளவு சின்ன விஷயம். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் ஒரு லெக்சர் கொடுத்தேன்.

"நல்லா யோசி. அங்கே நீ செல்வியே இல்லை. சென்னம்மா. சென்னம்மாவுக்குக் குழந்தை கிடையாது. நீ ஒரு வார்த்தை பேசினா போதும், நூறு வருஷமும் பொலபொலன்னு உடைஞ்சு போயிடும். அப்புறம் வர்ற ஒவ்வொரு குழந்தைக்கும் அது வெறும் வேஷம்தான்."

"செரிங்க சார்."

"வேணும்னா அன்னிக்கு லீவு எடுத்துக்கோ."

"லீவு போட்டா நான் இங்க இல்லவே இல்லைன்னு ஆயிருமுங்களே." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "செரிங்க. புள்ளைகிட்டச் சொல்லிப்போடறேன், கூப்புடாதேன்னு."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரு திருப்தி. கொள்கையைக் காப்பாற்றிவிட்டேனாம்.

வெள்ளிக்கிழமை அந்தப் பள்ளி வந்தது. ஒவ்வொரு குழுவோடும் நான் தெருவில் நடப்பதில்லை. அன்றைக்கு நடந்தேன். ஏன்? இப்போது யோசித்தால், செல்வியைக் கண்காணிக்கத்தான் போனேன் என்று தோன்றுகிறது.

குடியானவர் வீட்டு முற்றத்தில் குழந்தைகள் அரைவட்டமாக நின்றார்கள். செல்வி கல்லைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் டீச்சர் பக்கத்தில் நின்றேன். கீர்த்தனா எது என்று எனக்கு உடனே தெரிந்தது. இரட்டைப் பின்னல், ஒல்லிக் குழந்தை. கடைசி வரிசையில் நின்றது. சுற்றி நின்றதுகள் அதை முழங்கையால் இடித்தன.

"எல்லி நிம்மம்மா?" என்று ஒருத்தி கேட்டாள். எங்கே உன் அம்மா?

கீர்த்தனா அம்மாவைப் பார்த்தது. தரையைப் பார்த்தது. வாயைத் திறக்கவில்லை. இதை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் குழந்தை அம்மா சொன்னதைக் காப்பாற்றத்தான் பார்த்தது.

ஒரு பையன் மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சுள்ளுபுருகி" என்றான். பொய்க்காரி. இன்னொருவன் அதை ராகம் போட்டுச் சொன்னான். டீச்சர் "ஷ்ஷ்" என்றார்.

அப்போதுதான் கீர்த்தனா முன்னால் வந்தது.

"அம்மா."

கல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அம்மா, நான்தாம்மா. கீர்த்தனா."

தமிழில் சொன்னது. அந்தக் குழந்தைக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் சுலபம், வீட்டில் தமிழில் கேட்டால் கன்னடத்தில்தான் பதில் வரும் என்று செல்வி ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள். அன்றைக்குத் தமிழில் கூப்பிட்டது. நாங்கள் ஒரு வீட்டு மனிதர்கள் என்று காட்ட அதனிடம் வேறு என்ன இருந்தது?

கல் நின்றது. செல்வி தலையைத் தூக்கினாள். மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் லேசாகத் தலையை அசைத்தேன். வேண்டாம் என்று.

அவ்வளவுதான் நான் செய்தது. தலையை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்.

செல்வி முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினாள். "யாரவ்வா நீனு? யாவூரு?" என்றாள். யாரம்மா நீ? எந்த ஊர்?

குழந்தை அப்படியே நின்றது.

செல்வி அதோடு விடவில்லை. அந்த வசனத்தையும் சொன்னாள். கன்னடத்தில், நான் எழுதிக் கொடுத்தபடியே. எனக்குப் பிள்ளை இல்லை தாயி. நீயே எனக்கு மகளா வந்துடேன். தினமும் ராகிக்களி உருட்டித் தரேன்.

வகுப்பே சிரித்தது. சொன்னேனே, பொய்க்காத இடம் என்று.

டீச்சர் குழந்தையின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "கீர்த்தனா, டோண்ட் டிஸ்டர்ப் ஹர். லைனுக்குப் போ." பிறகு என் பக்கம் திரும்பி, "சாரி சார், சில குழந்தைகள் இப்படித்தான், ஏதாவது கதை கட்டும்" என்றார்.

நான் என்ன சொன்னேன்?

"பரவாயில்லை மிஸ்" என்றேன்.

செல்விக்காவது ஒரு விதி இருந்தது, ஒரு வேஷம் இருந்தது, போய்விடுமோ என்று பயப்பட ஒரு வேலை இருந்தது. எனக்கு என்ன இருந்தது? பேன்ட், சட்டை, மூக்குக் கண்ணாடி, பாக்கெட்டில் மொபைல். அந்த முற்றத்தில் வேஷம் போடாமல் நின்ற பெரியவர்களில் உண்மை தெரிந்தவன் நான் ஒருவன். "ஆமாம் மிஸ், அது அவளோட அம்மாதான்" என்று நான் சொல்லியிருந்தால் எந்தக் காலமும் உடைந்திருக்காது. சொல்லவில்லை. ஏன் என்று பல இரவுகள் கேட்டுப் பார்த்துவிட்டேன். கிடைத்த பதிலை அலங்காரம் இல்லாமல் எழுதுகிறேன்: காட்சி அவ்வளவு நன்றாக வந்திருந்தது. கெடுக்க மனம் வரவில்லை.

அவர்கள் போன பிறகு செல்வியிடம் போய், "பிரமாதம்மா" என்றேன்.

"தண்ணி குடிச்சுட்டு வந்தர்றேங்க சார்" என்று எழுந்து போனாள்.

அந்த வாரம்தான் அந்தப் பத்தியை எழுதினேன். சொந்த மகளே வந்து கூப்பிட்டும் வேஷம் கலையாத ஒரு தாய். அரசாங்க அலுவலகங்களில் இப்படி ஒருவர் இருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும் என்று கடைசியில் ஒரு வரி. உங்களுக்கு மிகவும் பிடித்த வரி அது. போன் செய்த எல்லாரும் அதைத்தான் சொன்னீர்கள்.

என் மனைவி படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தாள்.

"அந்தக் குழந்தை அப்புறம் என்ன பண்ணித்து?" என்றாள்.

"எந்தக் குழந்தை?"

"கூப்பிட்டுதே, அது. கூப்பிட்டுதுன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் அதைக் காணோமே."

"இது வேலையைப் பத்தின கட்டுரை. அந்தக் குழந்தையைப் பத்தி இல்லை. பக்கத்துல இடமும் இல்லை."

"இடம் இல்லைன்னா சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்பது வருஷக் குடித்தனத்தில் நியாயமான கேள்விகளுக்குத்தான் எனக்கு அதிகம் கோபம் வந்திருக்கிறது.

பொங்கலுக்குப் பிறகு செல்வி வேலைக்கு வரவில்லை. மேனேஜரிடம் நான் அலுத்துக்கொண்டேன். "பழக்கி விட்டதும் போயிடறாங்க பாருங்க."

பத்து மாதம் போயிற்று. சென்ற மாதம் ஹெப்பாளில் ஒரு பஸ் ஸ்டாப்பில் செல்வியைப் பார்த்தேன். கழுத்தில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபாக்டரியின் அடையாள அட்டை. என்னைப் பார்த்ததும் பெஞ்சில் இருந்து எழுந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க சார். முழங்கால் எப்படி இருக்குதுங்க?"

உட்கார்ந்தேன். நலம் விசாரித்தேன். பேச்சுவாக்கில், "உன் பொண்ணு எப்படிப் படிக்கிறா? அன்னிக்கு என்ன ஒரு காட்சி. இன்னும் ஞாபகம் இருக்கு" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

செல்வி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. பஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது குழந்தை யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்ததாம். இவள் அழுதுகொண்டே சமாதானம் சொல்லியிருக்கிறாள். வேலை போய்விடும், சார் நிற்கிறார், அதனால்தான் என்று. குழந்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிம்மா" என்றதாம். அழவே இல்லையாம்.

"அழுதிருந்தா தேவலைங்க" என்றாள்.

மறுநாள் ஸ்கூலில், நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், அது எங்கம்மா இல்லை என்று கீர்த்தனா எல்லாரிடமும் சொல்லிவிட்டது. எங்கம்மா ஊரில் இருக்கிறார்கள், ஹனூரில், மாடு கன்று இருக்கிறது, வர முடியாது என்று. அதற்கப்புறம் ஸ்கூலில் பெற்றோரைக் கூப்பிட்டால் இவளுக்குச் சொல்வதில்லை. அப்பா இருந்தால் அப்பா போவார். இல்லாவிட்டால் யாரும் இல்லை. கேட் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டது.

"ஏன்?" என்றேன். "இப்பத்தான் நீ அந்த வேலையில இல்லையே. நேரா போய் நிக்க வேண்டியதுதானே. அவ சொன்னது பொய் இல்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே."

செல்வி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். புரியாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

"அதுதான் சார் வேணாங்குது. நான் போயி நின்னா, அன்னைக்கு அங்க உக்காந்திருந்தது இவங்கம்மாதான்னு கண்டுபுடிச்சுருவாங்கல்ல? அப்ப, பெத்த அம்மாவே யாருன்னு கேட்டான்னு ஆயிருமாமா. அதுக்கு நான் பொய் சொன்னதாவே இருக்கட்டும்மா, பொய்க்காரின்னா கொஞ்ச நாள்ல மறந்துருவாங்கங்குது. பத்து வயசுல என்ன ரோசன பாருங்க."

மறுபடியும் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"அன்னைக்கு நான் வேற ஒண்ணு நெனச்சேன் சார்" என்றாள். "நீங்க எழுதிக் குடுத்ததுல, நீயே மகளா வந்துடுன்னு ஒண்ணு இருந்துச்சுங்கல்ல? அது ஒண்ணுதான் நெசத்துக்குப் பக்கத்துல இருந்துச்சு. மத்ததெல்லாம் சொல்ல முடியாது. இதைச் சொன்னா எம்புள்ளைக்குப் புரிஞ்சுக்கும்னு நெனச்சுச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அதுக்குப் புரியல."

அவள் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மேனேஜருக்குப் போன் போட்டேன். அந்த விதியை எடுத்துவிடுங்கள், தெரிந்தவர் வந்தால் வேலை செய்கிறவர்கள் தாராளமாகப் பேசிக்கொள்ளட்டும் என்றேன்.

மேனேஜர் நல்ல மனிதர். என் பேச்சைத் தட்டாதவர். அன்று இழுத்தார்.

"சார், அதுதானே நம்ம ஸ்பெஷாலிட்டி. உங்க ஆர்ட்டிகிளை நாங்க கன்னடத்துல போட்டு, இதுவரைக்கும் வராத ஸ்கூலுக்கெல்லாம் அனுப்பினோம். டீச்சர்ஸ் அதைப் படிச்சுட்டுத்தான் வர்றாங்க. மகளைத் தெரியாதுன்னு சொன்ன அந்த அம்மா யாரு, காட்டுங்கன்னு கேக்கறாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"இப்ப இருக்கிற சென்னம்மாவைக் காட்டறோம். அந்தப் பொண்ணுக்கும் கதையைச் சொல்லி வெச்சிருக்கோம். கேட்டா, ஆமா நான்தான்னு சொல்லுவா. நல்லாப் பண்றா சார்."

எழுத்துக்கு வலிமை இல்லை என்று யார் சொன்னது?

நான் அந்த ஆலோசகர் வேலையை விட்டுவிட்டேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

இந்த மாதம் முதல் சனிக்கிழமை கீர்த்தனாவின் பள்ளியில் ஆண்டு விழா என்று தெரிந்தது. செல்வியிடம் கேட்காமலே போனேன். பிரின்சிபாலைப் பார்த்து நடந்ததைச் சொல்லிவிடுவது, அந்த டீச்சரையும் வைத்துக்கொண்டு, அந்தக் குழந்தை பொய் சொல்லவில்லை, தப்பு என்னுடையது என்று சொல்லிவிடுவது. மனதுக்குள் வாக்கியங்களை எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். வாத்தியார் புத்தி.

கேட்டுக்கு எதிரே சாலையின் மறுபக்கம், இளநீர் வண்டியின் பின்னால் செல்வி நின்றிருந்தாள். நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்து. உள்ளே மைக்கில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் பதறிப்போய்க் குறுக்கே வந்தாள்.

"எங்கீங்க சார் போறீங்க?"

சொன்னேன்.

"வேணாங்க." கையைக் கும்பிட்டாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நீங்க போயிச் சொன்னா அது நெசமாயிருங்க. இப்பத்தான் ஒரு ரெண்டு சிநேகிதிங்க கெடச்சிருக்காங்க எம்புள்ளைக்கு."

"அப்போ நான் என்னதான் பண்றது செல்வி?"

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா நில்லுங்க."

நின்றேன். இளநீர்க்காரர், "சார், ஒண்ணு வெட்டட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உள்ளே கைதட்டல் கேட்டபோதெல்லாம் செல்வி, "இது அவளோட டான்ஸா இருக்கும்... இல்ல, இது வேற பாட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒருமுறை மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அந்தப் பாட்டு முடியும்வரை அசையவில்லை.

விழா முடிந்து குழந்தைகள் வெளியே வந்தார்கள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சில, அம்மா இடுப்பைக் கட்டிக்கொண்டு சில. கீர்த்தனா இரண்டு சிநேகிதிகளோடு வந்தது. ஒரு வருஷத்தில் வளர்ந்துவிட்டது. முகத்தில் ரோஸ் பவுடர், உதட்டில் சாயம். சாலைக்கு இந்தப் பக்கம் பார்த்தது.

எங்கள் இருவரையும் பார்த்தது. சந்தேகமே இல்லை. பார்த்தது.

என் கை தானாக மேலே போயிற்று.

"கையைத் தூக்காதீங்க சார்" என்றாள் செல்வி, உதடு அசையாமல்.

இறக்கிக்கொண்டேன்.

அந்தக் குழந்தையின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கண் எங்கள்மேல் பட்டது, இளநீர் வண்டிமேல் பட்டது, பின்னால் இருந்த சுவர்மேல் பட்டது. எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி. பிறகு சிநேகிதி சொன்ன எதற்கோ சிரித்தபடி நடந்துபோயிற்று. அந்தத் தெருவில் எத்தனையோ பேருக்கு நான் பயிற்சி கொடுத்திருக்கிறேன். ஒருவருக்கும் இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

செல்வி தள்ளி, மறுபக்கமாகவே நடந்தாள். நான் பின்னால் போனேன். முதல் முனையில் ஒரு சிநேகிதி பிரிந்தாள். அடுத்த முனையில் இன்னொருத்தி. அதையும் தாண்டி, மூன்றாவது முனையில் திரும்பி, ஒரு மூடிய கடை வாசலில் கீர்த்தனா நின்றது. பின்னால் ஒருமுறை பார்த்தது. யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு அம்மாவின் பக்கம் வந்து பையைக் கழற்றிக் கொடுத்தது. செல்வி முந்தானையால் அதன் உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டாள். குழந்தை முகத்தை நீட்டிக் காட்டியது. இருவரும் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்கள்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். எனக்கு அதற்கு மேல் போக உரிமை இல்லை. குழந்தைகள் கையாட்டினால் திருப்பி ஆட்டவும் அன்றில் இருந்து கை எழவில்லை. ஆட்டோக்காரரே, இதுதான் காரணம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "அதை இப்பவாவது எழுதுங்க" என்றாள். "இடம் இருக்கும்."

எழுதிவிட்டேன். செல்வி, கீர்த்தனா இருவரின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். பள்ளி எது என்று தேடாதீர்கள். யாராவது கண்டுபிடித்தால், அந்தக் குழந்தையிடம் போய், உன் அம்மாவைப் பற்றிப் படித்தேன் என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

ஒரு வார்த்தை பேசினால் நூறு வருஷம் பொலபொலவென்று உடைந்துவிடும் என்று அன்று செல்விக்குப் பாடம் நடத்தினேன் அல்லவா? கவலை வேண்டாம். அது பத்திரமாகத்தான் இருக்கிறது, பள்ளியில் இருந்து மூன்றாவது முனை வரைக்கும்.